கருக்கலில் மங்கிய குறி: ஒரு வில் சைட் தேர்வின் கதை

இரண்டு மான்கள், தவறிப்போன ஓர் அம்பு, வீணாகப் போன சில நூறு டாலர். தென்கிழக்கு மிச்சிகனில் நான் வில்லோடு பரண் ஏறிய இரண்டாவது பருவத்தின் வரவு செலவு இவ்வளவுதான். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. இத்தனைக்கும் கார் முகப்பு விளக்குகளைச் சோதிப்பதுதான் என் வேலை. வெளிச்சத்தை அளந்து சம்பளம் வாங்குகிறவன், சொந்த வில்லில் வெளிச்சக் கணக்கைக் கோட்டை விட்டேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நான் சொல்வது உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, இத்தனை மான்தான் என்ற வரம்போடு வேட்டை நடக்கும் மாநிலத்தின் கதை. இங்கே வெண்வால் மான்கள் ஏராளம். சோளக்காட்டை மேயும், சாலையில் குறுக்கே பாயும். எங்கள் சோதனைக் கூடத்துக்கு வரும் உடைந்த முகப்பு விளக்குகளில் மான் ரோமம் ஒட்டியிருப்பது புதிதல்ல.

மிச்சிகனில் வில்லுக்கான பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. அடுத்த நாளே துப்பாக்கிப் பருவம் தொடங்கி மாதக் கடைசி வரை ஓடும். டிசம்பரில் திரும்பவும் வில். மான் மீது அம்பு விட அனுமதி, சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை. மாநிலக் கையேட்டில் நாள்வாரியாக நேர அட்டவணை உண்டு. மேற்கே போகப் போக எத்தனை நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

வேட்டையின் சூடு எல்லாம் அந்தக் கடைசி அரை மணியில்தான். பகல் முழுக்கப் புதருக்குள் படுத்திருந்த மான் எழுந்து மேய்ச்சலுக்கு நடக்கும் நேரம் அது. நம் ஊரில் கருக்கல் என்பார்களே, அதே நேரம். வானம் தெளிவாக இருந்தால் சூரியன் மறையும் நொடியில் திறந்தவெளியில் சுமார் 400 லக்ஸ் வெளிச்சம் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). அரை மணி கழித்து மூன்று, மூன்றரை லக்ஸ்தான் மிஞ்சும். அதாவது நூறில் ஒரு பங்கு. ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் வெளிச்சம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தடியில் இதைவிட மோசம்.

அந்த இரண்டு மாலைகள்

என் வில் பழையது. பலகையில் குறி பார்த்துப் பழகும் ஒருவரிடம் வாங்கிய 55 பவுண்டு காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் கப்பி வைத்தது; 55 பவுண்டு என்பது நாணை இழுக்கத் தேவையான விசை. அதில் ஐந்து பின் கொண்ட சைட் ஒன்று ஏற்கெனவே மாட்டியிருந்தது. வில்லைத் தொடாதவர்களுக்கு: சைட் என்பது வில்லின் உடலில், கைப்பிடிக்குச் சற்று மேலே திருகி வைக்கும் வட்டச் சட்டம். அதற்குள் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை பின்கள். மேலே இருப்பது 20 கஜத்துக்கு, அடுத்தது 30-க்கு, அப்படியே கீழே போகும். நாணில் கண்ணுக்கு நேராக ஒரு சிறு வளையம் கோர்த்திருக்கும். அதற்குப் பீப் என்று பெயர். நாணை முழுக்க இழுத்து, பீப் ஓட்டை வழியாகச் சட்டத்தின் வட்டத்தைப் பார்த்து, பின்னின் முனையை மான் மேல் வைத்து விட வேண்டியதுதான்.

அக்டோபர் கடைசி வாரம். கூட வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவருடைய நிலம், செல்சி ஊருக்கு வெளியே, வாட்டர்லூ அரசுக் காட்டுக்குப் பக்கம். சூரியன் 6:40-க்கு மறைந்தது. 6:58-க்கு ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து கொம்பு வைத்த மான் ஒன்று வந்து, என் பரணிலிருந்து இருபத்திரண்டு கஜத்தில் பக்கவாட்டாக நின்றது. வெறுங்கண்ணுக்கு மான் நன்றாகவே தெரிந்தது. காது அசைவதுகூடத் தெரிந்தது. நாணை இழுத்துப் பீப்பில் கண்ணை வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி, அதற்குள் மானும் இல்லை, மரமும் இல்லை. கண்ணைப் பீப்பிலிருந்து விலக்கினால் மான் நிற்கிறது, திரும்ப வைத்தால் காணோம். மூன்று தடவை இப்படிச் செய்து கை நடுங்க ஆரம்பித்ததும் நாணை மெல்ல இறக்கிவிட்டேன். மான் தன்பாட்டில் நடந்து போனது.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னது, “பின் தெரியலை.” அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்து வந்த எல்லாத் தப்புக்கும் வேர். தெரியாமல் போனது பின் மட்டுமல்ல. மானும்தான் தெரியவில்லை. ஆனால் மனசு “பின்” என்று பிடித்துக்கொண்டது.

மறுநாளே சைட் விளக்கு ஒன்று வாங்கினேன். பொத்தான் பேட்டரி போட்டுச் சட்டத்தின் மேல் திருகும் குட்டி வெள்ளை எல்.இ.டி. கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் ஐந்து பின்னும் தீபாவளி மத்தாப்பு போல ஜொலித்தன. திருப்தியாகப் படுத்தேன்.

நாலு நாள் கழித்து அதே பரண். மாலை ஏழு மணியை நெருங்கும் நேரம். பெட்டை மான் ஒன்று வந்தது. என்னிடம் பெட்டை மானுக்கும் உரிமம் இருந்தது. தொலைவு பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்தேன். அதன் எண்கள் கறுப்பில் காட்டும் வகை. மங்கலான காட்டின் மேல் கறுப்பு எண், ஒன்றும் படிக்க முடியவில்லை. இருபது கஜம் இருக்கும் என்று கண்ணால் மதித்தேன். நாணை இழுத்து விளக்கைப் போட்டதும் பச்சை, மஞ்சள், சிவப்பு முனைகள் கண்ணைக் குத்தின. சட்டத்தின் உள்விளிம்பும் வெள்ளையாக மினுங்கியது. அதற்கு அப்பால் மான் ஒரு கறுப்புத் திட்டு. மேல் பின்னைத் திட்டின் கீழ்ப்பகுதியில், இதயம் இருக்கும் இடம் என்று நான் நம்பிய இடத்தில் வைத்து விட்டேன்.

மான் துள்ளி ஓடியது. அரை மணி காத்திருந்து நிலத்துக்காரரோடு டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். அம்பு மண்ணில் சாய்வாகக் குத்தி நின்றது. துடைத்து வைத்தது மாதிரிச் சுத்தம். ரத்தமில்லை, பிசுக்கில்லை. அதன் பக்கத்தில் இலைகளின் மேல் ஆறேழு வெள்ளை ரோமம். மூத்தவர் குனிந்து ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். “வயித்தடி ரோமம். தோலைக்கூடத் தொடலை. உனக்கும் நல்ல காலம், அதுக்கும் நல்ல காலம்” என்றார். அப்படியும் விடாமல் இரவு பத்தரை வரை தேடினோம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மறுநாள் காலை அடி அளந்து பார்த்ததில் மான் நின்ற இடம் இருபத்தெட்டு கஜம்.

கணக்கு நேராக வந்தது. என் அம்பு நொடிக்குச் சுமார் 250 அடி போகும். 20 கஜத்துக்குச் சரிசெய்த பின்னை வைத்து 28 கஜத்துக்கு விட்டால் அம்பு நாலு அங்குலத்துக்கு மேல் தாழும். நான் ஏற்கெனவே நெஞ்சின் கீழ்ப்பாதியில்தான் வைத்திருந்தேன். நாலு அங்குலம் தாழ்ந்தால் வயிற்றுக்குக் கீழே காற்று.

போனில் அம்மாவிடம் சொன்னபோது அவர் தொலைவு, வேகம் எதையும் கேட்கவில்லை. “எய்யா, கண்ணு தெரியாத நேரத்துல அம்பு விட்டுத்தான் தசரதனுக்கு அந்தக் கதி. உனக்கு எதுக்குய்யா?” என்றார். ஓசையைக் கேட்டு யானை என்று எய்தவன் கதையை அம்மா எடுத்தது எனக்குச் சுருக்கென்றது. நான் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

எது மங்கியது?

டிசம்பரில் வேட்டைக்குப் போகவில்லை. அதே நிலத்தில், மானின் நெஞ்சளவுக்கு எட்டு அங்குல வட்டம் வரைந்த பழுப்பு அட்டை ஒன்றை 20 கஜத்தில் கட்டினேன். அலுவலக வேலைக்காக வாங்கிய லக்ஸ் மானி கையில். சூரியன் மறைந்த நொடியிலிருந்து மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நாணை இழுத்து, இரண்டே கேள்விக்குப் பதில் எழுதினேன். பின் முனை தெரிகிறதா? வட்டத்தின் விளிம்பு தெரிகிறதா?

முதல் மாலையே விடை கிடைத்துவிட்டது. விளக்கே இல்லாமல், மேலே இருந்த பச்சைப் பின் இருபது நிமிடம் தாண்டியும் மங்கலாகத் தெரிந்தது. வட்டத்தின் விளிம்பு பதினேழாவது நிமிடத்தில் போய்விட்டது. பின்னுக்கு முன்பே மான் போய்விட்டது என்று அர்த்தம். வெறுங்கண்ணால் பார்த்தால் அதே விளிம்பு அப்போதும் தெரிந்தது. சரி, திருடன் பீப்தான்.

பீப்பின் ஓட்டையை அளந்தேன். 1/8 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீட்டர். பகலில் பலகையில் அடிப்பவருக்கு அது பொருத்தம். ஓட்டை சிறுத்தால் குறி கூர்மையாகும். வில்லை விற்றவர் மேல் குற்றமில்லை, அவர் தன் விளையாட்டுக்கு வைத்திருந்தார். நான் அதையே தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் போனேன்.

இங்கே கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இருட்டில் கண்மணியின் துளை விரியும். இருபது வயதில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக அந்த விரிவு சுருங்கிக்கொண்டே வரும். எனக்கு 48. கண் மருத்துவர் மங்கல் வெளிச்சத்தில் அளந்து சொன்னது ஐந்து மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் துளைக்கு முன்னால் 3.2 மில்லிமீட்டர் ஓட்டையை வைத்தால், பரப்பளவுக் கணக்கில் கண்ணுக்குப் போக வேண்டிய வெளிச்சத்தில் நூறில் நாற்பது பங்குதான் உள்ளே போகும். மிச்சம் அறுபது நாணிலேயே நின்றுவிடும். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும் வெளிச்சத்தில் அறுபது பங்கை இழப்பது, கடிகாரத்தை ஐந்தாறு நிமிடம் முன்னால் தள்ளிவைப்பதற்குச் சமம். அந்த ஐந்தாறு நிமிடத்தில்தான் மான் வருகிறது.

வில் கடையில் பீப்பை மாற்றினார்கள். நாணைத் தளர்த்த வில் அழுத்தி என்ற கருவி வேண்டும் என்பதால் வீட்டில் செய்ய முடியவில்லை. கடைப் பையன் முதலில் 3/16 அங்குல ஓட்டை போட்டான், அதாவது 4.8 மில்லிமீட்டர். பழையதைவிட இரண்டேகால் மடங்கு பரப்பு. செலவு இருபது டாலர்கூட ஆகவில்லை. திரும்ப அதே அட்டை, அதே மாலைச் சோதனை. விளிம்பு இருபத்து மூன்றாவது நிமிடம் வரை தாங்கியது. அப்புறம் 1/4 அங்குலமும் போட்டுப் பார்த்தேன். அது எனக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தரவில்லை. காரணம் எளிது. ஓட்டை கண்மணியைவிடப் பெரிதாகிவிட்டால், அப்புறம் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது கண்மணிதான். இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு 1/4 அங்குலம் நிஜமாகவே பலன் தரலாம். எனக்கு அதில் கிடைத்தது ஒரு தொல்லை மட்டுமே: சைட் சட்டம் பீப் வட்டத்துக்குள் அடங்கி, சுற்றிலும் பெரிய இடைவெளி. கண் நடுவில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அம்புகள் அங்கும் இங்கும் சிதறின. 3/16-இல் சட்டத்தின் விளிம்பும் பீப்பின் விளிம்பும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தன. அதிலேயே நின்றுவிட்டேன்.

பைனாகுலர் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. 8x42 என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 42-ஐ 8-ஆல் வகுத்த 5.25 மில்லிமீட்டர். கப்பல்காரர்கள் இரவுக்கு 7x50 வைத்துக்கொள்வது ஏழு மில்லிமீட்டருக்காகத்தான். என் வயதில் அந்த இரண்டு மில்லிமீட்டர் கன்னத்தில் விழும்.

இன்னொரு திருடன் என் மூக்கின் மேலேயே இருந்தான். நான் போடுவது புரோகிரசிவ் கண்ணாடி. மேலே தூரம், கீழே படிப்பு, இரண்டு ஓரமும் கலங்கல். வலக்கை வில்லாளி முகத்தை இடப்பக்கம் திருப்பி நிற்பான். வலக்கண் பார்ப்பது கண்ணாடியின் மூக்கோர மூலை வழியாக. அதாவது கலங்கல் பகுதி வழியாகவே ஒரு பருவம் முழுக்கக் குறி பார்த்திருக்கிறேன். பகலில் கண் சமாளித்துவிடுகிறது, கருக்கலில் கைவிட்டுவிடுகிறது. தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்றை, பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சோடு செய்துகொண்டேன். இதை எந்த வில் கடையிலும் யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் சைட்டுக்குக் காசு எடுப்பதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

பின், இழை, விளக்கு

பீப் சரியான பிறகுதான் சைட்டைப் பற்றி யோசிக்கவே உரிமை வந்தது போலிருந்தது.

பின்னின் முனையில் தெரிவது ஒளியிழை. மின்விளக்கல்ல. சாயம் ஏற்றிய பிளாஸ்டிக் இழை தன் நீளம் முழுவதும் விழும் வெளிச்சத்தை வாங்கி, முனையில் கொண்டுவந்து கொட்டும். இழை நீளமாக இருந்தால், அதைச் சட்டத்தைச் சுற்றிச் சுருட்டி வைத்திருந்தால், மங்கலிலும் முனை மினுங்கும். மலிவான சைட்டுகளில் இழை இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். விலையில் வித்தியாசம் வருவதற்கு இது ஒரு காரணம். முனை உள்ளே நழுவாமலிருக்க லைட்டர் நெருப்பை அருகில் காட்டி லேசாக உருக்கி மொட்டு வைப்பார்கள். அந்த மொட்டு பெரிதாகிவிட்டால் பின்னும் தடித்துத் தெரியும்.

தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காகச் சொல்வார்கள்: .010, .019, .029. கையை நீட்டிய தொலைவில், கண்ணிலிருந்து சுமார் 30 அங்குலத்தில் அந்த முனை இருக்கிறது. .019 முனை 20 கஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே மானை மறைக்கும். .029 முனை 0.7 அங்குலம் மறைக்கும், 40 கஜத்தில் 1.4 அங்குலம். எட்டு அங்குல நெஞ்சுக்கு இது எதுவும் பெரிய மறைப்பல்ல. ஆனால் முனை பிரகாசமாகும்போது கண்ணில் ஒளிவட்டம் பரவி, .019 முனைகூட நாலைந்து மடங்கு தடித்துக் காட்டும். மெல்லிய .010 பகலில் அழகு, கருக்கலில் எனக்குக் கிட்டத்தட்ட இல்லாதது. .029 தன் பிரகாசத்தாலேயே உறுத்தியது. .019-ஐ எடுத்தேன்.

நிறத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, பச்சைதான். மங்கலில் கண்ணின் உணர்திறன் சிவப்பிலிருந்து பச்சை, நீலம் பக்கம் நகரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் புர்க்கினியே, விடியலில் சிவப்புப் பூக்கள் கறுத்தும் இலைகள் பிரகாசமாகவும் தெரிவதைக் கவனித்து எழுதிய விளைவு அது. என் பழைய சைட்டில் மூன்றாவது பின் சிவப்பு. எல்லாவற்றுக்கும் முதலில் செத்தது அதுதான்.

எத்தனை பின் என்பதில்தான் வேட்டைக்காரர்கள் சண்டை போடுவார்கள். ஐந்து பின் இருந்தால் எதையும் திருக வேண்டாம், மான் நகர்ந்தால் அடுத்த பின். ஆனால் கருக்கலில் ஐந்து முனையும் கலந்து ஒரு கொடியாகத் தெரிகிறது. இருபதா முப்பதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒற்றைப் பின்னில் தொலைவுக்கேற்பச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், திருப்பும் அசைவை மான் பார்த்துவிடும். நான் பரணிலிருந்து 30 கஜத்துக்கு மேல் அம்பு விடுவதில்லை. அந்த வரம்புக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைப் பின்னை 25 கஜத்துக்குச் சரிசெய்துவிட்டால், 10 கஜத்திலிருந்து 25 வரை அம்பு அதிகபட்சம் இரண்டரை அங்குலம் மேலே போகும், 30 கஜத்தில் மூன்று அங்குலம் கீழே. நெஞ்சின் நடுவில் வைத்தால் எல்லாத் தொலைவும் எட்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அட்டையில் விட்டுப் பார்த்ததில் கணக்கும் அம்பும் ஒத்துப்போயின. அப்புறம் சக்கரத்தை நான் தொடவே இல்லை. ஒற்றைப் பின் சைட்டை வாங்கி அதைத் திருகாமலே வைத்திருப்பது வேடிக்கைதான். இதற்கு ஒரு பின்னைத் தவிர மற்றவற்றைப் பழைய சைட்டிலிருந்து கழற்றியிருந்தாலே போதும் என்று மூத்தவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

டிரிட்டியம் குப்பி வைத்த பின்களையும் பார்த்தேன். பேட்டரியே வேண்டாம், ஹைட்ரஜனின் கதிரியக்க வகை தானாக மினுங்கிக்கொண்டிருக்கும். 12.3 ஆண்டில் அதன் வீரியம் பாதியாகும் என்பதால் பழைய சரக்கு வாங்குகிறவர்கள் செய்த ஆண்டைப் பார்க்க வேண்டும். ஆனால் அதன் மினுங்கல் எடுபடும் இருட்டு வரும்போது சட்டப்படி வில்லைக் கீழே இறக்கியிருப்போம். மூன்று லக்ஸில் நல்ல நீள இழை தானே போதும். வேண்டாமென்று விட்டுவிட்டேன். மொன்டானாவின் பிளாக் கோல்டு நிறுவனம் வெயிலில் கருத்து நிழலில் தெளியும் மூடியை இழைச் சுருளின் மேல் போடுகிறது. பகலில் பின் கண்ணைக் குத்தாமலிருக்க நல்ல யோசனை. என் தொல்லை பகலில் இல்லை.

விளக்கை விட்டுவிடவா என்றால், அதுவும் இல்லை. அடர்ந்த மரத்தடியில், மேகம் மூடிய மாலையில், இழைக்கே தீனி இல்லாமல் போகிறது. ஆனால் பழைய வெள்ளை விளக்கின் தப்பு தெளிவாகப் புரிந்துவிட்டது. அது எரியும் அல்லது அணையும், நடுவில் ஒன்றுமில்லை. வெள்ளை ஒளி இழையோடு நிற்காமல் சட்டத்தையும் வில் சாயாமல் இருக்கிறதா என்று காட்டும் மட்டக் குமிழையும் சேர்த்து ஒளிரவைத்தது. பிரகாசமான ஒன்றைப் பக்கத்தில் பார்த்தபடி மங்கலான ஒன்றைத் தூரத்தில் பார்க்கக் கண்ணால் முடியாது. எதிரே ஹைபீம் போட்டு வரும் காரைத் தாண்டிச் சாலையோரத்தில் நடக்கிறவரைத் தேடுவது போல. இந்த விஷயத்தில்தானே நான் பத்து வருடமாகச் சோறு தின்கிறேன்!

புது விளக்கு ஊதா-நீல ஒளி. சாயமேற்றிய இழை அதை வாங்கிப் பச்சையாக உமிழும், சட்டம் பெரிதாக மினுங்காது. அதன் திருகு குமிழைத் திருப்பி ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். நான் வைத்துக்கொண்ட அளவு: பின் முனை இருக்கிறது என்று தெரிய வேண்டும், பேசக் கூடாது. அதன் கடைசிப் படிகூட எனக்குக் கூடுதலாக இருந்தது. இழைச் சுருளின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். சரியாயிற்று. விளக்கு மானின் பக்கம் ஒளி கசியாமல் இருப்பதையும் பார்த்துக்கொண்டேன். மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, ஆனால் நீலம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வேட்டைச் சட்டம் பற்றி ஒரு வரி. மிச்சிகனில் வெளியே ஒளிக்கற்றை வீசாத பின் விளக்குக்கு வேட்டை நேரத்துக்குள் தடையில்லை. மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் வில்லில் மின்கருவி மாட்டவே கட்டுப்பாடு உண்டு. 1961-இல் தொடங்கி, வில் வேட்டைச் சாதனைகளைப் பதிந்துவரும் போப் அண்டு யங் கிளப்பின் விதியிலும் குறி பார்க்க உதவும் மின்விளக்குக்கு இடமில்லை. அம்பின் வாலில் எரியும் விளக்குக்கு விலக்கு உண்டு. சாதனைப் பட்டியலில் பேர் வர ஆசைப்படுபவர்கள் வாங்கும் முன் படித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த ஆசை இல்லை.

அடுத்த அக்டோபர்

சைட்டைத் தவிர இன்னும் இரண்டு மாற்றம். ரேஞ்ச்ஃபைண்டரைச் சிவப்பு எண் ஒளிரும் வகைக்கு மாற்றினேன். பரண் ஏறியதும் வெளிச்சம் இருக்கும்போதே 20, 25, 30 கஜத்து மரங்களை அளந்து மனசில் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. இரண்டாவது வந்தபின் முதலாவதற்குப் பெரிதாக வேலையில்லை. காசு போட்ட பிறகுதானே அது தெரிகிறது.

அக்டோபர் மூன்றாவது வாரம், மேகமில்லாத மாலை. சூரியன் மறைந்து பதினோராவது நிமிடம். இரண்டு பெட்டை மான்கள், முன்னால் வந்தது 25 கஜத்து மரத்துக்கு ஓரடி இப்பால் நின்றது. நாணை இழுத்தேன். பீப்புக்குள் சட்டத்தின் வட்டம் ஒட்டி உட்கார்ந்தது. விளக்கைப் போடவில்லை, பச்சை முனை தானே இருந்தது. முனைக்குப் பின்னால் தோள்பட்டையின் மடிப்பு தெரிந்தது. போன வருடம் கறுப்புத் திட்டாக இருந்த இடம். விட்டேன். அறுபது கஜம் ஓடிப் பெரணிப் புதரில் விழுந்த சத்தம் கேட்டது. அரை மணி காத்திருந்துதான் இறங்கினேன். நிலத்துக்காரருக்கு ஒரு தொடை, எங்களுக்கு மிச்சம். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்ததில் பாதி அன்றிரவே காலி.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாலை. மேகம். சட்டப்படி இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி. விளக்கைக் கடைசிப் படிக்குக் குறைத்துப் போட்டிருந்தேன், பின் கச்சிதமாகத் தெரிந்தது. முப்பது கஜத்தில் ஒரு மான், தலையைக் கிளைகளுக்குள் விட்டு மேய்ந்தது. அந்த நாளில் நான் எடுக்க நினைத்தது கொம்பு மானை மட்டும். இங்கே கொம்பு என்றால் குறைந்தது ஒரு பக்கமாவது மூன்று அங்குலம் இருக்க வேண்டும். பைனாகுலரில் பார்த்தேன். கிளையா கொம்பா என்று பிரிக்க முடியவில்லை. நாணை இழுக்கவே இல்லை. விளக்கைத் திருகி அணைத்துவிட்டு, மான் போகும் வரை காத்திருந்து, ஏணியில் இறங்கினேன். மறுநாள் மரத்தில் கட்டியிருந்த கேமராவில் பார்த்ததில் அது பெட்டை.

முடியாத விஷயங்கள் சில இன்னும் இருக்கின்றன. கையுறையோடு விளக்கின் திருகு குமிழைத் திருப்ப முடியவில்லை. நவம்பர் குளிரில் மூச்சு பட்டுக் கண்ணாடி மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் எந்தப் பீப்பும் உதவாது. முகமூடியின் மேல் விளிம்பை மூக்கில் டேப் வைத்து ஒட்டிப் பார்க்கிறேன், பாதி வெற்றி. மூத்தவர் 61 வயதில் விளக்கில்லாத மூன்று பின் சைட்டோடுதான் போகிறார். கண் சொல்லும்போது இறங்கிவிடுவார். பெரும்பாலும் எனக்குப் பத்து நிமிடம் முன்பே. அவர் வருடத்துக்கு எத்தனை மான் எடுக்கிறார் என்று நான் இங்கே எழுதினால் என் சைட் விலை ரொம்பக் கூடுதலாகத் தெரியும்.

பழைய வெள்ளை விளக்கு வீண்போகவில்லை. கராஜ் கதவுப் பூட்டுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன், சாவித்துவாரம் நன்றாகத் தெரிகிறது.